கொடுத்தவர் மனம்: முதியோர் அளித்த பணமும் இந்தியச் சட்ட வரலாறும்

நிலத்தைப் பற்றிய வழக்கில் நிலமும் ஒரு சாட்சி. எல்லை, பட்டா, தீர்வை ரசீது, உழுதவர் யார் என்னும் ஊரறிவு ஆகிய ஒவ்வொன்றும் உரிமையைப் பற்றி ஏதேனும் சொல்லும். பணத்திற்கு இவ்வசதி இல்லை. முதியவர் ஒருவர் தம் இறுதிக் காலத்தில் சேமிப்பை மகளிடமோ தம்பி மகனிடமோ ஒப்படைக்கிறார்; அல்லது அவர்கள் பெயரையும் தம் பெயருடன் சேர்த்து வங்கியில் வைப்புத்தொகையாக இடுகிறார். அவர் இறந்தபின் பெற்றவர் ‘எனக்குக் கொடுத்தார்’ என்கிறார். மற்ற வாரிசுகள் ‘உன்னிடம் கொடுத்துவைத்தார்’ என்கின்றனர். இரண்டிற்கும் வெளித்தோற்றம் ஒன்றே. வேறுபாடு கொடுத்தவரின் மனத்தில் இருந்தது. அவரோ சாட்சிக் கூண்டில் ஏற இயலாதவர்.

இச்சிக்கலை இந்தியச் சட்ட மரபுகள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழியில் எதிர்கொண்டன. கொடுத்தவரின் மனநிலையை வகைப்படுத்திப் பார்த்தது ஒரு மரபு. கைமாறியதா என்று பார்த்தது மற்றொன்று. பணம் யாருடையது என்ற கேள்வியிலிருந்து தொடங்கியது காலனிய நீதிமன்றம். இவ்வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இந்திய நீதிமன்றங்கள், உறவு இருக்கிறது என்பதால் மட்டும் கொடை இருந்தது என்று அனுமானிக்க மறுத்துவந்துள்ளன. அம்மறுப்பு முதியோர் பலரின் உடைமையைக் காத்தது. அதே மறுப்பு, முதியோரைக் கடைசிவரை பேணியவர்களின் கோரிக்கையைச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிறுத்தியது.

1. தருமநூல்களில் கொடையும் மனநிலையும்

மனுஸ்மிருதி வகுக்கும் 18 வழக்குத் தலைப்புகளுள் கொடுத்ததைத் திரும்பப் பெறுதல் பற்றியதும் ஒன்று. நாரத ஸ்மிருதி இத்தலைப்பை மேலும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. கொடுக்கத் தகாதவை 8, செல்லுபடியாகும் கொடைகள் 7, கொடுத்தும் கொடாதவையாகக் கருதப்படுபவை 16 என்பது அதன் கணக்கு. இறுதி வகையில் அச்சம், சினம், துயரம், நோய் ஆகியவற்றின் பிடியில் இருந்தவர் கொடுத்தவையும், ஏமாற்றத்தாலும் விளையாட்டாகவும் கொடுத்தவையும், சிறுவர், தன்னுரிமையற்றவர், மது மயக்கத்தில் இருப்பவர், சித்தம் கலங்கியவர் ஆகியோர் கொடுத்தவையும் அடங்கும்.

இப்பட்டியலில் முதுமை தனியொரு காரணமாக நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நோயும் துயரமும் அச்சமுமே கொடையைக் கெடுப்பவை. மறுபுறம், செல்லுபடியாகும் 7 வகைகளுள் அன்பின் காரணமாகத் தருவதும், பெற்ற உதவிக்குக் கைம்மாறாகத் தருவதும் இடம்பெறுகின்றன. பேணியவருக்கு முதியவர் நன்றியுடன் தரும் பொருள் இவ்வகைப்பாட்டில் இயல்பாகவே ஓரிடம் பெற்றிருந்தது. காத்தியாயனரோ அறச்செயலுக்கென ஒருவர் வாக்களித்துவிட்டுக் கொடுக்காமலே இறந்தால், வாக்களித்தபோது அவர் நலமாக இருந்தாரா துன்புற்றிருந்தாரா என்று பாராமல், மகன் அதைக் கொடுத்தாக வேண்டும் என்கிறார். கொடையைக் குலைக்கும் நோயே அறக்கொடையில் தடையாவதில்லை. தருமநூல்கள் ஒரே குரலில் பேசுபவை அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

காலனிய நீதி அமைப்பு இம்மரபை முழுமையாக ஏற்கவில்லை. வாரன் ஹேஸ்டிங்சின் 1772ஆம் ஆண்டுத் திட்டம் வாரிசுரிமை, திருமணம், சாதி, சமய வழக்கங்கள் ஆகியவற்றிற்கே சாத்திரத்தையும் ஷரியத்தையும் உரித்தாக்கியது. கோல்புரூக் 1810இல் மொழிபெயர்த்து வெளியிட்டவை தாயபாகமும் மிதாட்சரத்தின் வாரிசுரிமைப் பகுதியுமே. அதனால் நீதிபதிகளின் மேசையில் பங்குபிரிப்பு பற்றிய நூல் இருந்தது. கொடுப்பவரின் மனநிலை பற்றிய நாரதரின் பட்டியல் பெரும்பாலும் ஓரத்தில் நின்றது.

2. யாருடைய பணம்?

மிதாட்சர முறையில் வாழ்ந்த கூட்டுக்குடும்பத்தில் முதற்கேள்வி, கொடுக்க மனம் இருந்ததா என்பதன்று. கொடுக்க உரிமை இருந்ததா என்பதே. பிதிரார்ச்சித நிலத்தில் தந்தையின் கை கட்டப்பட்டிருந்தது. அசையும் பொருளில் அவருக்குச் சற்றுத் தளர்வு உண்டு. குடும்பத்தைக் காத்தல், இடர் நீக்கல் ஆகியவற்றோடு அன்பின் காரணமாகத் தருதலையும் மிதாட்சரம் அனுமதிக்கிறது. மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கும் இவ்வாறு தரலாம். ஆனால் அது குடும்பச் சொத்தின் அளவோடு பொருந்த வேண்டும்.

எது பொருந்தும் அளவு என்பதை வழக்குகளே தீர்மானித்தன. பம்பாய் மாகாணத்திலிருந்து லண்டனின் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற இரண்டு வழக்குகள் இதற்கு எல்லைக்கற்கள். ஒரு தந்தை குடும்பச் சொத்தின் பெரும்பகுதியை மகன்களுள் ஒருவருக்கே தந்ததை அன்புக்கொடையாகக் கொள்ள இயலாது என்று 1880இல் முடிவாயிற்று. 10 முதல் 15 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்திலிருந்து தந்தை மகளுக்கு 20,000 ரூபாய் தந்தது 1907இல் செல்லுமென ஏற்கப்பட்டது. இரண்டிலும் நீதிமன்றம் அன்பை மறுக்கவில்லை. அதற்கு ஓர் உச்சவரம்பு இட்டது. 20,000 ரூபாய் அக்காலத்தில் பெருந்தொகை. ஆயினும் மொத்தச் சொத்தில் அது 50இல் ஒரு பங்கு அளவே. பெண்களுக்குப் பங்குரிமை இல்லாத காலத்தில், மகளின் கைக்குப் பணம் செல்ல இருந்த வழிகளுள் இக்கொடையும் ஒன்று. அவ்வழியின் அகலத்தை ஆண் வாரிசுகளின் பங்கைக் கொண்டே நீதிமன்றம் அளந்தது.

3. ஹிபாவும் இறுதி நோயும்

இஸ்லாமியச் சட்டம் சான்றுச் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியது. ஹிபா எனப்படும் கொடைக்குக் கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, பொருளைக் கையளித்தல் ஆகிய மூன்றும் வேண்டும். எழுத்து இன்றியமையாததன்று. அதே வேளையில் ‘மர்ளுல் மவ்த்’ எனப்படும் இறுதி நோயில் தரும் கொடைக்குத் தனிவிதி உண்டு. சாவு நெருங்கிவிட்டது என்னும் அச்சத்தில் தந்தது, ஈமச்செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கிற்குள் அடங்க வேண்டும். பெறுபவர் வாரிசுகளுள் ஒருவராயின், மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி அது செல்லாது.

இவ்விதி கொடுத்தவரின் மனத்தைத் துருவுவதில்லை, காலத்தைப் பார்க்கிறது. நோய் நீண்டு, அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டால், அது இறுதி நோயாகாது. சாவின் அச்சம் உண்மையில் அருகில் இருந்ததா என்பதே வினா. ஒருவரின் கடைசி நாள்களில் படுக்கையருகே இருப்பவருக்கும் தொலைவில் இருப்பவருக்கும் இடையே சமநிலை காக்கும் ஏற்பாடாக இதைப் படிக்கலாம். பேணியவர் வாரிசாகவும் இருந்தால் அவருக்கு இவ்விதி சாதகமன்று. வாரிசல்லாதவர் மூன்றில் ஒரு பங்குவரை பெறலாம்.

4. 1854: அன்பை அனுமானிக்க மறுத்த தீர்ப்பு

இங்கிலாந்தில் 1788ஆம் ஆண்டின் டயர் வழக்கு முதல் ஒரு விதி நிலைபெற்றிருந்தது. ஒருவர் தம் பணத்தைக் கொண்டு பிறர் பெயரில் சொத்து வாங்கினால், பணம் தந்தவரே உண்மை உரிமையாளர். ஆனால் அப்பிறர் அவருடைய மனைவியோ பிள்ளையோ ஆயின், வாழ்வில் அவர்களை முன்னேற்றக் கொடுத்ததாகவே அனுமானிக்க வேண்டும். கொடையன்று என்பவர்தாம் அதை மெய்ப்பிக்க வேண்டும்.

இவ்வனுமானம் இந்தியாவிற்குப் பொருந்துமா என்ற வினா வங்காளத்தின் கோசாயின் குடும்ப வழக்கில் எழுந்தது. தந்தை தம் பணத்தில் மகன் பெயரில் சொத்து வாங்கியிருந்தார். 1854இல் பிரிவி கவுன்சில் அளித்த முடிவு, ஆங்கில விதி இங்கே செல்லாது என்பது. பினாமியாகப் பிறர் பெயரில் வாங்குவது இந்நாட்டில் இயல்பான வழக்கம். ஆகவே மகன் என்பதனால் மட்டும் கொடை என்று கொள்ள முடியாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதே முதன்மையான சோதனை.

இம்முடிவு வங்கி யுகத்திற்குள் நுழைந்தது 1928இல். கணவர் தம் பணத்தைத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும், இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியிருப்பவர் பெற்றுக்கொள்ளலாம் என்ற முறையில் வங்கியில் இட்டிருந்தார். அவர் இறந்தபின் அப்பணம் மனைவிக்குக் கொடையாயிற்றா? குரான் தித்தா வழக்கு எனப்படும் இவ்வழக்கில் பிரிவி கவுன்சில் மீண்டும் மறுத்தது. இந்தியக் குடும்ப வாழ்வின் நிலைமைகள் வேறு, உறவுகளின் தன்மை வேறு என்பது அதன் காரணம்.

இக்காரணத்தில் இருமுகம் உண்டு. உள்ளூர் வழக்கத்தை மதித்த தீர்ப்பு என்று இதைப் படிக்கலாம். ஆங்கிலக் குடும்பத்தின் மாதிரியை நீதிமன்றம் இங்கே திணிக்கவில்லை. ஆனால் 1928இல் இந்து விதவைக்குக் கணவரின் சொத்தில் முழு உரிமை கிடையாது. கூட்டுக்குடும்பத்தில் அவருக்குக் கிடைத்தது சீவனாம்சம் மட்டுமே. 1937ஆம் ஆண்டுச் சட்டமும் வரையறுக்கப்பட்ட உரிமையையே தந்தது. முழு உரிமை 1956இல்தான் வந்தது. கணவர் உயிருடன் இருக்கும்போதே வங்கியில் இருவர் பெயரில் பணம் இடுவது, வாரிசுரிமைச் சட்டம் தராததை மனைவிக்குத் தரக்கூடிய வழியாக இருந்தது. பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, கொடுக்கும் எண்ணத்தைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும் என்றபோது, அவ்வழியும் குறுகியது.

1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் இவ்விடத்தில் ஒரு சிறு திருப்பத்தைத் தந்தது. மனைவி பெயரிலோ மணமாகாத மகள் பெயரிலோ சொத்து வாங்கினால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, அது அவர்கள் நலனுக்கே என்று அச்சட்டம் அனுமானித்தது. 1854இல் மறுக்கப்பட்ட அனுமானம், பெண்கள் இருவரளவில் மட்டும் திரும்பி வந்தது எனலாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உட்பிரிவை நீக்கிவிட்டது.

5. தளர்ந்த மனமும் ஆளும் மனமும்

19ஆம் நூற்றாண்டின் சட்டத் தொகுப்புகள் கொடையின் புறவடிவத்தை வரையறுத்தன. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டப்படி அசையாச் சொத்திற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அசையும் பொருளுக்குப் பதிவோ கையளிப்போ போதும். கொடுப்பவர் உயிருடனும் கொடுக்கும் தகுதியுடனும் இருக்கும்போதே பெறுபவர் ஏற்றிருக்க வேண்டும். சாவை எதிர்நோக்கிக் கொடுத்த அசையும் பொருள், நோயாளி பிழைத்தெழுந்தால் அவருக்கே திரும்பும் என்பதை 1865ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும், அதன் வழிவந்த 1925ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றன.

அகநிலையை ஆராயும் பணி 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவிற்கு வந்தது. ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆளும் நிலையில் இருந்து, அந்நிலையைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் பெறுவதே தகாச் செல்வாக்கு. 1899இல் திருத்தியமைக்கப்பட்ட அப்பிரிவு, முதுமையாலோ நோயாலோ மன, உடல் துன்பத்தாலோ அறிவு தளர்ந்தவரோடு செய்யும் உடன்பாட்டைத் தனியே குறிப்பிடுகிறது. நோயாலோ முதுமையாலோ நலிந்த ஒருவர், தமக்கு மருத்துவம் பார்ப்பவரின் செல்வாக்கிற்கு உட்பட்டு அளவுமீறிய ஊதியம் தர இசைவது, சட்டமே தரும் எடுத்துக்காட்டு. நாரதரின் பட்டியலில் இருந்த நோயும் துன்பமும் இங்கே ஆங்கில நேர்மை நெறியின் உடையில் மீண்டும் தோன்றுகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. நாரதர் கொடுப்பவரின் நிலையை மட்டும் பார்த்தார். 16ஆம் பிரிவு கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான ஆதிக்கத்தைப் பார்க்கிறது.

தொடக்கக் கால வழக்குகளில் ஐயத்திற்கு ஆளானவர்கள் பெரும்பாலும் குடும்பத்திற்கு வெளியே நின்றவர்கள். மறுமைப் பயன் கருதி முதியவர் ஒருவர் தம் சொத்து முழுவதையும் குருவிற்குத் தந்ததை 1890இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆராய்ந்து, கொடை நேர்மையானது என்று மெய்ப்பிக்கும் சுமையைக் குருவின்மேல் வைத்தது. எழுத்தறியா மூதாட்டி ஒருவர் தம் நம்பிக்கைக்குரிய காரியதரிசிக்கு அளித்த பொருளாதாயம் பற்றி 1891இல் பிரிவி கவுன்சிலும் அவ்வாறே கூறியது. உறவினர் விஷயத்தில் நீதிமன்றங்கள் தயங்கின. மிக முதிர்ந்த பாட்டனார் பேரனுக்கு அளித்த கொடையை மற்ற வாரிசுகள் எதிர்த்த வழக்கில், நெருங்கிய உறவும் முதுமையும் மட்டும் இருப்பதால் தகாச் செல்வாக்கை அனுமானிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்த்தது.

இரு வரிசைத் தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு முரண் புலப்படும். உறவு என்பது கொடைக்குச் சான்றன்று. அது சூழ்ச்சிக்கும் சான்றன்று. குடும்பத்தைப் பொறுத்தவரை நீதிமன்றம் இரு அனுமானங்களையும் துறந்துவிட்டு ஆவணத்தையும் பண வரத்தையும் தேடிச் செல்கிறது. குடும்பத்திற்குள் நிகழும் கொடுக்கல் வாங்கலோ ஆவணம் விட்டுச்செல்வது அரிது.

6. நாமினி என்னும் மயக்கம்

20ஆம் நூற்றாண்டில் நடுத்தர வகுப்பின் சேமிப்பு காப்பீட்டிற்கும் வங்கிக்கும் அஞ்சலகத்திற்கும் நகர்ந்தபோது, ‘நாமினி’ என்ற சொல் வீட்டுவழக்கில் வாரிசு என்னும் பொருளையே பெற்றது. படிவத்தில் ஒருவர் பெயரை எழுதுவது அவருக்குக் கொடுப்பதற்கு ஒப்பானது என்று முதியோர் நம்பினர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ் நாமினி பணத்தைப் பெறும் கை மட்டுமே, பணம் வாரிசுகளுக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் 1984இல் அறிவித்தது. தேசிய சேமிப்புப் பத்திரங்களுக்கு 2000இலும், வங்கி வைப்புகளுக்கு 2010இலும், நிறுவனப் பங்குகளுக்கு 2023இலும் இதே நெறி உறுதிசெய்யப்பட்டது.

சட்டநோக்கில் இது முரணற்ற நிலைப்பாடு. நாமினிப் படிவம் உயிலும் அன்று, கொடைப் பத்திரமும் அன்று. நிறுவனம் யாரிடம் பணத்தை ஒப்படைத்துத் தன் பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்பதை மட்டும் அது தீர்க்கிறது. சமூக நோக்கில் பார்த்தால், தன் எண்ணத்தை எழுத்தில் பதிவுசெய்துவிட்டதாக நம்பி இறந்தவரின் எழுத்து அவ்வெண்ணத்திற்குச் சான்றாகாமல் போகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பீட்டில் மட்டும் இதை மாற்ற முயன்றது. பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நாமினியாயின் அவர்களே பயனுக்கும் உரியவர் என்றது. உயர் நீதிமன்றங்கள் அத்திருத்தத்தை ஒரே விதமாகப் படிக்கவில்லை. வங்கி வைப்புகளுக்கு 2025 நவம்பர் முதல் 4 பேர்வரை நாமினியாக நியமிக்கலாம். பெயர்கள் பெருகியுள்ளன, அவற்றின் பொருள் மாறவில்லை.

7. 2007: கொடுத்தவர் உயிருடன் இருக்கும்போது

இதுவரை கண்டவற்றுள் பெரும்பாலானவை, கொடுத்தவர் மறைந்தபின் எஞ்சியோர் தொடுத்த வழக்குகள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் காட்சியை மாற்றியது. அதன் 23ஆம் பிரிவின்படி, தமக்கு அடிப்படை வசதிகளும் தேவைகளும் வழங்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்றத் தவறினால், அம்மாற்றம் வஞ்சத்தாலோ வற்புறுத்தலாலோ தகாச் செல்வாக்காலோ நிகழ்ந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம். அசையும் பொருளும் இச்சட்டத்தின் ‘சொத்து’ என்னும் வரையறைக்குள் அடங்குவதால் பணமும் இதற்கு உட்பட்டது.

இப்பிரிவு ஒரு புனைவைப் பயன்படுத்துகிறது. கொடுத்த நாளில் வஞ்சம் இல்லாதிருக்கலாம். பின்னர் நிகழ்ந்த புறக்கணிப்பு அந்நாளை நோக்கிப் பின்சென்று கொடையைக் கெடுக்கிறது. நிபந்தனை இருந்தது என்பதை எவ்வாறு காட்டுவது என்பதே நீதிமன்றங்களின் சிக்கல். அதை நிறுவியாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் இறுக்கமாகப் படித்தது. 2025 ஜனவரியில், சட்டம் முதியோர் நலனுக்கானது என்பதை முன்னிறுத்தித் தாராளமாகப் படித்தது. அவ்வழக்கில் மகன் தனியே எழுதித்தந்த ஓர் உறுதிமொழியும் சான்றாக நின்றது.

இங்கேதான் பேணுதல் முதன்முறையாகக் கொடையின் மையத்திற்கு வருகிறது. ஆனால் எதிர்மறையாக மட்டும். பேணத் தவறியவர் பெற்றதை இழக்கலாம். பேணியவர், அப்பேணுதலைக் காட்டி, தாம் பெற்றது கொடையே என்று நிறுவ எந்தப் பிரிவும் இல்லை.

8. எஞ்சும் கேள்வி

வாரிசுரிமைச் சட்டம் இரத்த உறவின் படிநிலையைக் கொண்டு இயங்குவது. படுக்கையில் கிடந்த முதியவருக்கு மருந்து கொடுத்தவர் யார், மருத்துவமனை வாசலில் காத்திருந்தவர் யார் என்பதை அப்படிநிலை கேட்பதில்லை. மருமகள், விதவைச் சகோதரி, வீட்டோடு தங்கிய தூரத்து உறவினர், பணிப்பெண் ஆகியோர் இப்படிநிலையில் கடைசியில் நிற்பவர்கள் அல்லது அதில் இடமே பெறாதவர்கள். அவர்களுக்கு முதியவர் தந்த பணம் வழக்காகும்போது, மெய்ப்பிக்கும் சுமை எவரிடம் ஆவணம் மிகக் குறைவோ அவர்மேலேயே விழுகிறது.

இதற்கு எளிய மாற்று இல்லை என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது. பேணுதலையே கொடைக்குச் சான்றாகக் கொண்டால், தனித்திருக்கும் முதியவரைச் சூழ்ந்துகொண்டு சேமிப்பைக் கறப்பவருக்கும் அதே வாயில் திறக்கும். குருவும் காரியதரிசியும் பேணியவர்களாகவே தோன்றினர். நாரதரின் வகைப்பாட்டில் கைம்மாறுக் கொடையும் நோயாளியின் கொடையும் ஒன்று செல்லும், மற்றொன்று செல்லாது என்று எதிரெதிர் வரிசைகளில் நின்றன. வாழ்க்கையில் அவை ஒரே அறையில், ஒரே கட்டிலருகில் நிகழ்பவை.

ஆய்வாளர்கள் இவ்வழக்குகளைக் குடும்ப வரலாற்றின் சான்றுகளாகப் பயன்படுத்தும்போது இரண்டை மறக்கலாகாது. முதலாவது, தகராறாக மாறாத கொடைகள் தீர்ப்புத் தொகுப்புகளில் இல்லை; எனவே அங்கே காணும் குடும்பம் பிளவுபட்ட குடும்பம் மட்டுமே. இரண்டாவது, முதியவரின் சொல்லாக அங்கே பதிவாகியுள்ளவற்றுள் பெரும்பகுதி, அச்சொல்லால் ஆதாயமோ இழப்போ அடையப்போகிறவர்கள் வாயிலாக வந்தது. கொடுத்தவர் தாமே பேசும் இடங்கள் அரிது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பாயங்களில் முதியோர் தாமே அளித்துவரும் மனுக்கள் இந்தக் குறையை ஓரளவு நிரப்பக்கூடியவை. அவை மாவட்ட அலுவலகங்களில் கோப்புகளாகக் குவிந்துவருகின்றன. எதற்காகக் கொடுத்தேன், எதை எதிர்பார்த்தேன் என்று கொடுத்தவரே தம் மொழியில் சொல்லும் அக்கோப்புகளைப் பாதுகாப்பதும் படிப்பதும், இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை எழுதவிருப்போரின் முதற்கடமை.